சூடாக இருந்ததை ஏன் ஆறவைத்தார்கள்?

“உருக்கிய எஃகு 1,550 டிகிரியில் வருகிறது. அதை வார்த்து, ஆறவைத்து, முற்றத்தில் அடுக்கி வைத்து, பிறகு மறுபடி 1,200 டிகிரிக்குச் சூடாக்கி உருட்டுகிறார்கள். ஆறவிடாமலே உருட்டினால் என்ன?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எளிய கேள்விதான். ஆனால் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் எஃகுப் பட்டை ஆலைகளில் நடந்த பெரிய மாற்றங்கள் அநேகமாக எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான். இனி வரப்போகிறவையும் அப்படித்தான்.

வழக்கமான முறையை வேகமாகப் பார்த்துவிடலாம். தொடர்வார்ப்பு இயந்திரத்தில் சுமார் 220 மி.மீ. தடிமனுள்ள ஸ்லாப், அதாவது தட்டையான எஃகுப் பாளம், வார்க்கிறார்கள். அது உலையில் இரண்டு மூன்று மணி நேரம் சூடேறும். வெளியே வந்ததும் முதற்கட்டமாக உருட்டும் ரஃபிங் மில்லில் முன்னும் பின்னும் போய் 35 மி.மீ. ஆகும். பிறகு ஆறேழு ஸ்டாண்டுகள் (உருளைகளைத் தாங்கும் சட்டங்கள்) வரிசையாக நிற்கும், கடைசிக்கட்டமாக உருட்டும் ஃபினிஷிங் மில்லில் ஒரே ஓட்டமாக 2 மி.மீ.க்கு வரும். கடைசியில் நீர்த்திரைக்கு அடியில் 600 டிகிரிவரை குளிர்ந்து சுருளாகும். 1,250 மி.மீ. அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ஸ்லாப் 21 டன்னுக்கு மேல் இருக்கும். 2 மி.மீ.க்கு உருட்டினால் அதன் நீளம் 1,100 மீட்டர். 1920களில் அமெரிக்காவின் ஆஷ்லாண்டிலும் பட்லரிலும் பிறந்த தொடர் உருட்டாலையின் எலும்புக்கூடு இன்றும் பெரும்பாலும் அதேதான்.

செலவைப் பாருங்கள். ஒரு டன் எஃகை அறை வெப்பநிலையிலிருந்து 1,200 டிகிரிக்கு ஏற்ற, எஃகுக்குள் போகும் வெப்பம் மட்டும் சுமார் 0.8 கிகாஜூல், அதாவது 220 யூனிட். உலையின் சுவரும் புகைபோக்கியும் தின்பதைச் சேர்த்தால் 1.2 அல்லது 1.3 கிகாஜூல் ஆகிவிடும். போதாக்குறைக்கு, உலைக்குள் இருக்கும் நேரம் முழுக்க மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்லாப்புக்கு 100 முதல் 200 கிலோ நல்ல எஃகு செதிலாகி, உயர் அழுத்தத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிறது.

பிறகு ஏன் ஆறவிடுகிறார்கள்? மேற்பரப்பில் விரிசல் இருந்தால் ஆறிய பிறகுதான் கண்ணில் படும் என்பது ஒரு காரணம். வார்க்கும் வரிசையும் உருட்டும் வரிசையும் வேறுவேறு என்பது இன்னொன்று. பட்டையின் விளிம்பு படும் இடத்தில் உருளை குழிந்து தேயும். அதனால் உருளை புதிதாக இருக்கும்போது அகலமான பட்டைகளில் தொடங்கி, தேயத் தேயக் குறுகலானவற்றுக்கு இறங்குவார்கள். இந்த வரிசையைப் படமாக வரைந்தால் சவப்பெட்டி மாதிரி இருக்கும், அதையே அதற்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள். வார்ப்புக்காரருக்கோ உருளைத் தேய்மானத்தைப் பற்றி என்ன கவலை? ஒரே தரத்து எஃகைத் தொடர்ந்து வார்ப்பதுதான் அவருக்கு வசதி. நடுவில் ஸ்லாப் முற்றம் ஒன்று இருந்தால் இருவர் பிழைப்பும் நடக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான தடை ஒன்று உண்டு. அது வெறும் பெருக்கல் கணக்கு.

எஃகு உருளும்போது அகலம் அநேகமாக மாறுவதில்லை, கனஅளவும் மாறுவதில்லை. எனவே தடிமனையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண், தொடர்ந்து ஓடும் ஒரு வரிசையின் எந்த இடத்தில் அளந்தாலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தடிமனை மில்லிமீட்டரிலும் வேகத்தை நிமிடத்துக்கு மீட்டரிலும் வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முடியும்வரை இதை ‘ஓட்ட எண்’ என்று கூப்பிடலாம்.

வழக்கமான வார்ப்பு இயந்திரம் 220 மி.மீ. ஸ்லாப்பை நிமிடத்துக்கு 1.2 மீட்டரில் இழுக்கிறது. ஓட்ட எண் 264. வழக்கமான ஃபினிஷிங் மில் 2 மி.மீ. பட்டையை நொடிக்கு 10 மீட்டரில், அதாவது நிமிடத்துக்கு 600 மீட்டரில் துப்புகிறது. ஓட்ட எண் 1,200. ஆமையையும் முயலையும் ஒரே நுகத்தில் பூட்டச் சொல்கிறார் நம் வாசகர்.

முயல் கொஞ்சம் மெதுவாக நடந்தால் என்ன என்று தோன்றும். நடக்க விடாதது வெப்பம். உருட்டி முடிக்கும்போது பட்டை ஏறக்குறைய 850 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. போனால் படிக அமைப்பு உருளைகளுக்கு நடுவிலேயே மாறத் தொடங்கும், உருட்டும் விசை திடீரெனத் துள்ளும், தடிமன் கைமீறிப் போகும். ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் இடைவெளி 5.5 மீட்டர் என்று வைத்து, 50 மி.மீ. ஸ்லாப்பை ஐந்து ஸ்டாண்டுகளில் 25, 12, 6, 3, 2 எனக் குறைப்பதாகக் கொள்வோம். ஓட்ட எண் 250 ஆக இருந்தால் முதல் இடைவெளியைத் தாண்டவே 33 நொடி பிடிக்கும். முதல் ஸ்டாண்டிலிருந்து கடைசி ஸ்டாண்டுக்கு வந்துசேர மொத்தம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடமும் மெல்லிய எஃகு இரண்டு பக்கமும் வெப்பத்தை இறைத்துக்கொண்டே வரும். 35 மி.மீ.இல் தொடங்கும் வழக்கமான மில்லில், ஆறு இடைவெளிகள் இருந்தும், இதே பயணம் 13 நொடிதான்.

உருளையின் பாடு அதைவிட மோசம். 50 மி.மீ. ஸ்லாப் நிமிடத்துக்கு 5 மீட்டரில் நுழைந்து 25 ஆகிறது என்றால், உருளையோடு ஒட்டியிருக்கும் வில்லின் நீளம் சுமார் 9 செ.மீ. அதைக் கடக்க ஏறக்குறைய முக்கால் நொடி ஆகும். வழக்கமான மில்லில் இது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரம் டிகிரியில் இருக்கும் எஃகை முக்கால் நொடி கட்டிப்பிடித்துவிட்டு உடனே தண்ணீரில் குளிக்கும் உருளையின் தோல், ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கும். சில மணி நேரத்தில் வறண்ட ஏரிப் படுகை போல வெடிப்புகள் ஓடும். அந்த வெடிப்புகளின் அச்சு அப்படியே பட்டையில் விழும்.

1989இல் அமெரிக்காவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் நியூகோர் நிறுவனம் திறந்த ஆலை இந்தச் சிக்கலை நேராக மோதாமல் சுற்றிக்கொண்டு போனது. ஜெர்மன் நிறுவனமான எஸ்.எம்.எஸ். வடிவமைத்த அந்த முறையில் ஸ்லாப் 50 மி.மீ.தான், ரஃபிங் மில் தேவையில்லை. ஸ்லாப்பை வெட்டி, இருநூறு மீட்டர் அளவுக்கு நீண்ட சுரங்க உலைக்குள் அனுப்பி, அங்கே வெப்பத்தைச் சமன்படுத்தி, பிறகு மில்லுக்குப் பிடித்த வேகத்தில் உருட்டினார்கள். நுகத்தை அவிழ்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் கதகதப்பான ஒரு காத்திருப்பு அறை கட்டிக்கொடுத்ததற்குச் சமம். ஆறவைப்பது ஒழிந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் தலை, வால் என்ற பழைய தலைவலி அப்படியே நின்றது.

தலையும் வாலும் ஏன் தலைவலி? பட்டையின் தலை கடைசி ஸ்டாண்டைத் தாண்டிச் சுருட்டும் இயந்திரத்தை அடையும்வரை அதை இழுத்துப் பிடிக்க யாரும் இல்லை. நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கி.மீ. அந்த வேகத்தில் 1 மி.மீ. பட்டையின் முனை காற்றில் எழும்பும், மடங்கும், தன் மேலேயே ஏறும். பின்னால் வருவது நிற்காது. இரண்டு மூன்று நொடிக்குள் செக்கச்சிவந்த எஃகு இடியாப்பமாகக் குவிந்துவிடும். ஆலைகளில் இதை ‘காபிள்’ என்பார்கள். வாயு வெட்டியால் துண்டு துண்டாக அறுத்து, கிரேனில் அள்ளி, உருளைகளை மாற்றி மறுபடி ஓடவிடக் கணிசமான நேரம் போகும். வழக்கமான ஆலைகள் 1.2 மி.மீ.க்குக் கீழே போகத் தயங்குவதற்கு உருட்ட முடியாதது காரணமில்லை, தலையைக் கோக்கும் பயம்தான் காரணம்.

1996இல் ஜப்பானின் சிபா ஆலையில் இதற்கு ஒரு அழகான தீர்வு வந்தது. ஒரு பட்டையின் வாலையும் அடுத்ததன் தலையையும், ஓட்டத்தை நிறுத்தாமலே தூண்டல் வெப்பத்தால் சூடாக்கி அழுத்தி ஒட்டிவிட்டார்கள். அழகுதான், ஆனாலும் வெட்டியதையே திரும்ப ஒட்டுகிற வேலை அது. வெட்டாமலே இருக்க முடியாதா?

முடியும் என்று 2009இல் இத்தாலியின் கிரெமோனாவில் ஆர்வெதி நிறுவனம் காட்டியது. ஈ.எஸ்.பி. (‘முடிவில்லாப் பட்டை உற்பத்தி’) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த வரிசை, திரவ எஃகிலிருந்து சுருள்வரை 180 மீட்டர் நீளம்தான். அதன் சூட்சுமம் ஓட்ட எண்ணை ஏற்றியதில் இருக்கிறது. ஸ்லாப் தடிமன் 80 மி.மீ., வார்ப்பு வேகம் 6 மீட்டர் என்றால் 480. ஏறக்குறைய ஐந்நூறு. பழைய ஆமை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. 1 மி.மீ. பட்டைக்குக் கடைசி ஸ்டாண்டில் நொடிக்கு 8 மீட்டர் கிடைத்துவிடும்.

அந்த ஐந்நூறும்கூட வழக்கமான மில்லின் 1,200க்குப் பாதியைத் தொடவில்லை. மீதியைச் சாமர்த்தியத்தால் ஈடுகட்டினார்கள். வார்ப்பு முடிந்து எஃகு முழுக்க உறைந்த உடனே மூன்று ஸ்டாண்டுகள் ஸ்லாப்பைப் பிடித்து அழுத்துகின்றன. அந்த நேரத்தில் எஃகின் வெப்பநிலை தலைகீழாக இருக்கும்: தோல் 1,100 டிகிரிக்கு அருகில், நடுப்பகுதி 1,300க்கு மேல். வெளியே இறுகி உள்ளே இளகிய மெழுகைப் போல. மறுபடி சூடாக்கிய ஸ்லாப்பில் இந்த நிலை கிடைக்காது, அங்கே வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. தலைகீழாக இருப்பதில் இரட்டை லாபம். உருட்டும் விசை குறைகிறது. அழுத்தம் நடுப்பகுதிவரை ஊடுருவுவதால், கடைசியாக உறைந்த மையத்தில் இருக்கும் நுண்துளைகள் மூடி ஒட்டிக்கொள்கின்றன. வார்ப்பின் சூட்டைச் சேமிப்பது என்றால் எல்லோரும் எரிபொருள் கணக்கை மட்டுமே சொல்வார்கள். எனக்கு இந்த மூன்று ஸ்டாண்டுகள்தான் அந்த ஆலையின் மிக அழகான பகுதி.

இப்படி 12 முதல் 15 மி.மீ. ஆனதும் தூண்டல் சூடேற்றி வருகிறது. கம்பிச்சுருள்களுக்கு நடுவே எஃகு ஓடும், அதற்குள்ளேயே மின்சுழல் எழுந்து சூடாகும். 200 டிகிரி ஏற்ற வேண்டும் என்றால் எஃகுக்குள் போக வேண்டியது டன்னுக்கு 36 யூனிட். இழப்பைச் சேர்த்தால் 50. ஆறிய ஸ்லாப்பை உலையில் சூடாக்க ஆகும் 350 யூனிட் சொச்சத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் அகலமென்றால் மணிக்கு 320 டன் ஓடும், ஆகவே 16 மெகாவாட் வேண்டும். உலையைப் போல இதை வாரக்கணக்கில் எரியவிட வேண்டியதில்லை. சுவிட்சைத் தட்டினால் சூடு, நிறுத்தினால் இல்லை. அதற்கப்புறம் ஐந்து ஸ்டாண்டுகள். இப்போது 12 மி.மீ.இலிருந்து தொடங்குவதால் அவற்றைத் தாண்ட 10 நொடிதான் ஆகிறது. ஒரு நிமிடமாக இருந்த சிக்கல் 10 நொடியாகச் சுருங்கிவிட்டது.

தலைக்கு என்ன செய்கிறார்கள்? ஒரு வார்ப்புத் தொடருக்கு ஒரே ஒரு தலைதான். அதை 3 அல்லது 4 மி.மீ. தடிமனில், பயமில்லாமல், மெதுவாகக் கோத்துவிடுவார்கள். பட்டை இழுவிசையில் நின்றதும் ஓட்டத்திலேயே தடிமனைக் குறைப்பார்கள். முதல் ஸ்டாண்டின் இடைவெளி குறையும்போது பட்டையில் ஒரு சின்ன ஆப்பு வடிவம் உண்டாகும். அந்த ஆப்பு அடுத்த ஸ்டாண்டுக்கு வந்துசேரும் நொடியில் அதன் இடைவெளியும் வேகமும் மாற வேண்டும், பிறகு அதற்கடுத்தது. 1.5இலிருந்து 1.0க்கு இறங்கும்போது வார்ப்பு வேகம் 6 மீட்டரிலேயே இருக்கும், கடைசி உருளை மட்டும் நொடிக்கு 5.3இலிருந்து 8 மீட்டருக்குப் போகும். ஓட்ட எண் மாறவே கூடாதல்லவா. நொடிக்கு 5 மீட்டரில் ஓடும் இடத்தில் வேகக் கணிப்பு ஒரு சதவீதம் பிசகினால், ஒவ்வொரு நொடியும் 50 மி.மீ. பட்டை கூடுதலாகச் சேரும் அல்லது இழுபடும். இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே கீழிருந்து பட்டையைத் தாங்கும் லூப்பர் என்ற கை எழும்பி அதை உள்வாங்கி, முந்தைய மோட்டாருக்குச் சேதி சொல்லும். சுருட்டும் இயந்திரத்துக்கு முன்னால் அதிவேகக் கத்தரி, ஓட்டத்தை நிறுத்தாமல் வெட்டி அடுத்த சுருளுக்குத் திருப்பிவிடும். 0.8 மி.மீ. பட்டை இப்படித்தான் சாத்தியமானது. முன்பு அந்தத் தடிமனுக்கு அமிலத்தில் கழுவிக் குளிர்நிலையில் இன்னொரு முறை உருட்ட வேண்டியிருந்தது. பல பயன்பாடுகளுக்கு அந்த முழு வேலையும் மிச்சம். 2015 முதல் சீனாவின் ரிஜாவ் ஆலை இத்தகைய வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவியதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. பழைய ஆலையில் மில் நின்றால் வார்ப்பு தொடரும், ஸ்லாப் முற்றத்தில் அடுக்கிக்கொள்ளலாம். இங்கே முற்றமே இல்லை. 1 மி.மீ. பட்டை நொடிக்கு 8 மீட்டரில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் கடைசி உருளையின் மேல் 29 கி.மீ. எஃகு ஓடியிருக்கும். நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓடியதும் உருளையை மாற்றியாக வேண்டும், மாற்ற மில் நின்றாக வேண்டும், மில் நின்றால் வார்ப்பும் நிற்கும். வார்ப்புத் தொடரின் நீளத்தை உருக்குப் பட்டறை தீர்மானிப்பதற்குப் பதிலாக உருளையின் தோல் தீர்மானிக்கிறது. இதனால்தான் அடுத்த தலைமுறை வரிசைகளில் இரு வழிகளிலும் போக வசதி வைக்கிறார்கள். 2019இல் ஓடத்தொடங்கிய சீனாவின் ஜிங்டாங் வரிசையில் வார்ப்புக்குப் பின் ஒரு சுரங்க உலை உண்டு. மெல்லிய பட்டை என்றால் வெட்டாமல் ஓட்டு, தடித்தது என்றால் வெட்டி உருட்டு. உருளை மாற்றும் நிமிடங்களுக்கு அந்த உலையே தாங்குதூண். ஒரு ஸ்டாண்டைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஓடும்போதே ஒன்றை விடுவித்து உருளை மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆப்பு நகர்த்தும் கணக்கு கைவசம் இருப்பவர்களுக்கு இது எட்டாக்கனி இல்லை.

எல்லா எஃகும் இந்த வழிக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். 20 மி.மீ. தடிமனுள்ள எரிவாயுக் குழாய் எஃகுக்கு 220 மி.மீ. ஸ்லாப் என்றால் பதினொரு மடங்கு நசுங்கும், 80 மி.மீ. என்றால் நான்கு மடங்குதான். படிகங்கள் நொறுங்கி நுண்மையாக அது போதாது. காரின் வெளிப்புறத் தகட்டுக்குக் கேட்கும் மேற்பரப்புத் தூய்மையும் வேகமாக வார்க்கும் அச்சிலிருந்து எளிதில் வராது. பழைய பெரிய ஆலைகள் இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும்.

இன்னும் ஒரு படி முன்னே போய், ஸ்லாப்பே இல்லாமல் பட்டையாகவே வார்த்தால்? ஹென்றி பெஸ்ஸமர் 1850களிலேயே சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே உருகிய உலோகத்தை ஊற்றிப் பட்டையாக எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வணிக அளவில் கார்பன் எஃகுக்கு அது கைகூடியது 2002இல், அதே கிராஃபோர்ட்ஸ்வில்லில், காஸ்ட்ரிப் என்ற பெயரில். 500 மி.மீ. விட்டமுள்ள இரண்டு உருளைகள், நிமிடத்துக்கு 80 மீட்டர், 1.6 மி.மீ. பட்டை. எஃகு உருளையைத் தொட்டு உறைவதற்கு ஒரு நொடியில் ஏழெட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் இடம் மாறுவதை எஃகின் உட்புறம் தீர்மானிப்பதில்லை, தொடும் பரப்பு தீர்மானிக்கிறது. அலுமினியம் போட்டு ஆக்சிஜனை நீக்கிய எஃகில் உருகாத அலுமினா துகள்கள் அந்தப் பரப்பில் திடமாக நின்று தொடுகையைக் கெடுக்கும். அதனால் சிலிக்கானும் மாங்கனீசும் போட்டார்கள். அவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்து திரவப் படலமாகி உருளையை நனைக்கும். உருளையை வழவழப்பாக்காமல் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். ஐம்பது கிலோ வார்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனைகளால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நூறு டன் ஓடிய பிறகு உருளையின் பரப்பில் என்ன படிந்திருக்கிறது என்பதுதான் விடை. அந்த நூறு டன்னுக்குக் காசு கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

காஸ்ட்ரிப்பின் ஓட்ட எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 1.6 பெருக்கல் 80, வெறும் 128. பார்க்கப் பறக்கிறது, உற்பத்தியோ குறைவு. பெரிய ஆலைகளின் இடத்தை அது பிடிக்காததற்குக் காரணம் இந்த எண்தான். ஆனால் அதற்கென்று ஒரு தனிச் சொத்து உண்டு. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகள் பெருகும்போது, மோட்டார், கம்பி வழியாகத் தாமிரமும் எஃகுக்குள் சேர்ந்துகொண்டே போகும், அதைப் பிரித்தெடுக்க நல்ல வழி இல்லை. உலையில் இரும்பு ஆக்சைடாகி உதிரும்போது தாமிரம் ஆக்சைடாகாமல் செதிலுக்கு அடியில் தங்கும், 1,085 டிகிரிக்கு மேல் உருகும், படிக எல்லைகளுக்குள் புகுந்து பரப்பைப் பிளக்கும். செதிலாக நேரமே கொடுக்காத வரிசையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மணிக்கணக்கில் சூடாக்கும் உலைகளுக்கு ஹைட்ரஜன் பர்னர் மாட்டப் பெருந்தொகை செலவிடப்படுகிறது. அதன் புகையில் நீராவி அதிகம், செதிலும் கூடும். தேவையே இல்லாத சூட்டைப் பசுமையாக்க இவ்வளவு பாடு எதற்கு என்பது என் கட்சி.

சரி, ஐந்நூறை ஆயிரமாக்க முடியுமா? அதற்கு உருட்டாலையில் விடை தேடிப் பயனில்லை, உருகிய எஃகு உறையத் தொடங்கும் வார்ப்பு அச்சுக்குள் பார்க்க வேண்டும். உறையும் தோலின் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, நிமிடக் கணக்கில் சுமார் 26 மி.மீ.யால் பெருக்க வேண்டும். 1.2 மீட்டர் தாமிர அச்சை நிமிடத்துக்கு 6 மீட்டரில் கடக்க 12 நொடி. அதற்குள் உண்டாகும் தோல் 11.6 மி.மீ. இந்தத் தோல் எங்காவது அச்சில் ஒட்டிக் கிழிந்தால், கிழிசல் மெல்லக் கீழிறங்கும். அச்சுச் சுவரில் வரிசையாகப் புதைத்த வெப்பமானிகளில் மேல் வரிசை முதலில் சூடு காட்டித் தணியும், பிறகு கீழ் வரிசை சூடாகும். அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தால் கிழிசல் உறைந்து ஆறும். குறைத்த கணமே ஓட்ட எண் சரியும், கடைசி ஸ்டாண்டில் பட்டை குளிரும், கத்தரி விழும், வருகிற எஃகைத் தடித்த தகடுகளாக வெட்டி ஓரமாகத் தள்ள வேண்டியதுதான். வேகத்தை 8 மீட்டர் ஆக்கினால் 12 நொடி 9 ஆகும், தோல் 10 மி.மீ. ஆகும். அச்சைத் தாண்டும்போது அந்தப் பத்து மில்லிமீட்டருக்கு ஒரு பக்கம் பீய்ச்சும் தண்ணீர், மறுபக்கம் உருகிய எஃகு.